மைதானம் வேண்டும், அதற்காகக் காட்டை அரிக்க வேண்டாம்

நகரத்துப் பூங்காவில் ஒரு பக்கம் மரக்காடு, இன்னொரு பக்கம் கால்பந்துத் திடல், டென்னிஸ், ஓட்டப்பாதை என்று இரண்டும் சேர்ந்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பந்து ஆடுகிறவர்களும் சும்மா நடக்கிறவர்களும் ஒரே இடத்துக்கு வரட்டும். ஆனால் இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் எப்போதும் விட்டுக்கொடுப்பது காடுதான், அதுதான் கடுப்பாக இருக்கிறது.

காட்டை அழிக்கப்போகிறோம் என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலில் வண்டி நிறுத்தக் கொஞ்சம் இடம், அப்புறம் உடை மாற்றும் அறை, அப்புறம் இரவு ஆட்டத்துக்கு விளக்குக் கம்பம். கேட்டால் "ஒரு மரத்தைக்கூட வெட்டலையே" என்பார்கள். சரி, வெட்டவில்லை. ஆனால் மரத்துக்கு நீரும் சத்தும் உறிஞ்சித் தரும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கிறது, அதுவும் கிளை விரிந்திருக்கும் எல்லையைத் தாண்டி வெகுதூரம் பரவியிருக்கும். அதன்மேல் லாரி ஏறி மண் இறுகிவிட்டால் காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்காது. மரம் உடனே சாவதில்லை. சில வருடம் கழித்து உச்சிக் கிளைகள் காயும், "வயசான மரம், ஆபத்து" என்று அப்போது வெட்டுவார்கள், லாரி வந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

செயற்கைப் புல்லும் அப்படித்தான். கடும் வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். அதற்குள் நிரப்பும் ரப்பர் துகள்கள் மழையில் அடித்துப்போய் ஓடையில் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதிப்படி 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே அந்தத் துகள்களை விற்கவே முடியாது. பாராட்டலாம், ஆனாலும் எட்டு வருட அவகாசம் கொஞ்சம் தாராளம்தான்.

விளக்கு விஷயத்தில் தீர்வு சுலபம். வௌவால்களில் பல இனங்கள் வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கமே வராது, அதனால் விளக்கைத் திடல் பக்கம் கீழ்நோக்கித் திருப்பி, ஆட்டம் முடிந்ததும் அணைத்தால் போதும்.

இரண்டும் சேர்ந்து வாழாது என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரை ஒட்டியுள்ள ஆம்ஸ்டர்டாம்சே போஸ் என்ற பூங்கா, 1934-இல் வேலையில்லாதவர்களை வைத்து உருவாக்க ஆரம்பித்த காடு, ஏறக்குறைய 1000 ஹெக்டேர். படகுப் போட்டிக்கான நீண்ட நீர்த்தடமும் விளையாட்டுத் திடல்களும் ஆரம்பத் திட்டத்திலேயே இருந்தன, பிறகு வந்து காட்டைக் கடித்தவை அல்ல.

உங்கள் பூங்காவில் விரிவாக்க வரைபடம் ஒட்டினால் கட்டடம் எங்கே வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள், மின்கேபிளுக்கான பள்ளம் எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் மரங்களுக்கு நடுவேதான் போகும், ஏனென்றால் திடலைத் தோண்ட யாருக்கும் மனசு வராது.