டயட் சார்ட் இருக்கட்டும், மளிகை லிஸ்ட்டை எடுங்க

எடை குறைய எந்தப் பழக்கம் ரொம்ப உதவும்னு யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். மாதத் தொடக்கத்தில் மளிகை லிஸ்ட் எழுதும்போது வீட்டில் இருக்கிற எல்லாரும் கூட உட்காருங்கள். பேலியோ, 16 மணி நேர விரதம், கொள்ளு ரசம், வாக்கிங் எல்லாம் அதற்குப் பிறகு.

நம் வீடுகளில் யாரும் தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்வதில்லை. ஒரே குக்கர், ஒரே குழம்புச் சட்டி. அந்த வீட்டில் ஒருவர் மட்டும் டயட் இருக்கிறேன் என்றால், அவருக்கு மட்டும் ஓட்ஸ் கொதிக்கும், மற்றவர்கள் பூரி மசால் சாப்பிடுவார்கள். எத்தனை நாள் தாங்கும்? இரண்டாவது வாரத்தில் விட்டுவிட்டால் "உனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை" என்று பேச்சு வேறு. அந்தப் பேச்சைக் கேட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. வீடு மாறாமல் ஒரு ஆளை மட்டும் மாறச் சொன்னது தப்பு.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புதிய உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. தினமும் 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு அது சொல்கிற அளவு: தானியம் 250 கிராம், பருப்பு பயறு (அல்லது முட்டை, மீன், கறி) 85 கிராம், கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம், எண்ணெய் கொழுப்பு 27 கிராம். இதை நாலு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு மாதக் கணக்காகப் பெருக்கிப் பாருங்கள். அரிசி, கோதுமை, ரவை, சேமியா எல்லாம் சேர்த்து 30 கிலோ. பருப்பு, பயறு, முட்டை, மீன் வகையறா 10 கிலோ. காய்கறி 48 கிலோ. எண்ணெய், நெய் சேர்த்து சுமார் மூன்றரை லிட்டர்.

இப்போது உங்கள் வீட்டு லிஸ்ட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். 25 கிலோ பொன்னி மூட்டை ஒன்று, அதற்கு மேல் இட்லி அரிசி, ரவை, மைதா. எண்ணெய் 5 லிட்டர். துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து 2 கிலோ. காய்கறி என்றால் ஒரு நாளைக்கு சாம்பாருக்கு ரெண்டு முருங்கைக்காய், பொரியலுக்கு கால் கிலோ பீன்ஸ். நான் பார்த்த வீடுகள் பெரும்பாலும் இப்படித்தான். எங்கே குறைய வேண்டுமோ அங்கே கூடி, எங்கே கூட வேண்டுமோ அங்கே குறைந்து நிற்கிறது. எண்ணெயை மட்டும் பார்ப்போம். மாதம் 5 லிட்டர் என்றால் ஆளுக்குத் தினம் 38 கிராம், கிட்டத்தட்ட 340 கலோரி. வழிகாட்டுதல் சொல்வதைவிட நாளைக்கு 100 கலோரி அதிகம். இத்தனைக்கும் கடை வடை, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா இதில் வரவே இல்லை.

"பருப்பு விக்கிற விலைக்கு 10 கிலோவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ரேஷன் கடையில் அரிசி இலவசம். துவரம்பருப்பு அட்டைக்கு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர். ஒரு குடும்பத்தின் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. பசியை ஒழித்த திட்டம் அது, அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும் என்று அரசிடம் கேட்பதும் எடை குறைப்புப் பேச்சில் சேர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். அதுவரை நம் கைக்கு எட்டுவதைச் செய்வோம். எல்லாமே துவரம்பருப்பாக இருக்க வேண்டியதில்லை. தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, முட்டை, மத்தி மீன், நெத்திலி. ராத்திரி ஊறப்போட்டால் காலையில் சுண்டல். வயிறு நிறைந்து நிற்கும், பதினோரு மணிக்குக் கை பிஸ்கட் டப்பாவைத் தேடாது.

அடுத்தது பரிமாறுவது. பெண்கள் கடைசியாக உட்காருகிற வீடுகளில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பொரியல் தீர்ந்திருக்கும். முட்டை பிள்ளைகளுக்குப் போயிருக்கும். மிச்சம் இருப்பது சோறும் ரசமும் மோரும். கூடவே பிள்ளை தட்டில் விட்டதை வீணாக்கக் கூடாதென்று அதையும் வாயில் போட்டுக்கொள்வார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் உடல் எடை அதிகமாக உள்ள பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். குனிந்து நிமிர்ந்து நாள் முழுக்க வேலை செய்கிற அம்மாவுக்கு ஏன் எடை குறையவில்லை என்று கேட்கிறவர்கள், அவர் தட்டில் கடைசியில் என்ன விழுகிறது என்று ஒரு வாரம் பார்க்கட்டும். எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். காயும் பருப்பும் முதலில் தட்டுக்கு வரட்டும், சோறு பிறகு வரட்டும். "இன்னும் ஒரு கரண்டி" என்று கேட்காமலே வைக்கிற அன்பை இனிமேல் பொரியலில் காட்டலாம்.

என் அக்கா வீட்டில் இதைத்தான் செய்தார்கள். அவர் மாமியார்தான் ஆரம்பித்து வைத்தார். மருமகள் முட்டிவலியில் மாடிப்படி ஏற முடியாமல் நின்றதைப் பார்த்துவிட்டு, "இனிமே நாலு பேரும் ஒண்ணா உக்காருவோம், எண்ணெய் மூணு பாக்கெட்தான் வாங்கணும்" என்றார். வேறு எந்தத் திட்டத்துக்கும் பணம் கட்டவில்லை. எடை மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் திரும்ப ஏறவில்லை. சொல்லப்போனால் அக்காவைவிட அத்தானுக்குத்தான் முதலில் தொப்பை குறைந்தது.

எந்த டயட் நல்லது என்ற சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். 2018-இல் வெளியான ஆய்வில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரைப் பிரித்து, பாதிப் பேரைக் கொழுப்பையும் மீதிப் பேரை மாவுச்சத்தையும் குறைக்கச் சொன்னது. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் குறைந்த எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது: காய்கறி நிறையச் சாப்பிடு, சர்க்கரை, மைதா, பாக்கெட் உணவைக் குறை, வீட்டில் சமை.

பாக்கெட் உணவு பற்றி அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாராகும் உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள். பாக்கெட் வகை உணவு தந்த வாரங்களில் சராசரியாக ஆளுக்குத் தினம் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் லிஸ்ட்டில் பிஸ்கட்டும் மிக்சரும் நூடுல்ஸும் எழுதாதீர்கள் என்கிறேன். வாங்கி வைத்துவிட்டு அலமாரி முன்னால் நின்று மனதோடு மல்லுக்கட்டுவதைவிட, கடையிலேயே விட்டுவிட்டு வருவது எவ்வளவோ சுலபம்.

ராத்திரி சாப்பாடு எட்டு மணிக்கு முன்னால் முடியட்டும். சீரியல் முடிந்து பத்து மணிக்கு தோசை ஊற்றினால், சமைத்தவர் அடுப்படியைத் துடைத்துவிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகும், காலை ஐந்துக்கு எழ வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். குறைவாகத் தூங்கிப் பழகிய அதிக எடைக்காரர்களைக் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்க வைத்ததும், தினம் சாப்பிடுகிற அளவில் சராசரியாக 270 கலோரி குறைந்ததை 2022-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

நடை அவசியம்தான், முட்டிக்கும் சர்க்கரைக்கும் இதயத்துக்கும். ஆனால் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது 200, 250 கலோரிதான். வரும் வழியில் ஒரு மசால் தோசை அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள், கூடவே டேப்பால் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 தாண்டினால் கவனிக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு அங்குலம் குறைந்தாலும் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், சோற்றின் அளவைக் குறைப்பதற்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய அளவு மருந்தை அப்படியே போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்பு எவ்வளவு என்பதையும் அவரிடமே கேளுங்கள். வளர்கிற பிள்ளைகள் தட்டில் சோற்றைக் குறைக்க வேண்டாம், காயையும் முட்டையையும் கூட்டினால் போதும்.