கூரை விழுந்துச்சா, விழுமா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீடு. வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் காவல்காரர் கருப்பையா. வீட்டைச் சுற்றிக் காட்டும் பையன் தேவகோட்டைக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். நாளைக் காலையில் வெள்ளைக்காரர்கள் வீடு பார்க்க வருகிறார்கள். ஒன்பதாவது படிக்கும் பக்கத்துத் தெரு வள்ளி அவருக்கு இங்கிலீஷ் பாடம் எடுக்கிறாள்.

வள்ளி: போன தடவை என்ன தாத்தா சொல்லித் தொலைச்சீங்க?

கருப்பையா: அடுப்படிக் கூரை மூணு வருசத்துக்கு முந்தி விழுந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு சொன்னேன்.

வள்ளி: இங்கிலீஷ்ல?

கருப்பையா: 'ரூஃப் வில் ஃபால்.'

வள்ளி: அய்யோ, விழப்போகுதுன்னுல்ல சொல்லியிருக்கீங்க!

கருப்பையா: அதான் செருப்பைக்கூட மாட்டாமத் தெருவுக்கு ஓடுனாகளா! நான் பஸ்ஸுக்கு நேரமாச்சாக்கும்னு இருந்துட்டேன்.

வள்ளி: விழுந்துச்சுன்னா 'ஃபெல்'.

கருப்பையா: ஃபெல். அப்ப 'கோ'வுக்குக் 'கெல்'லா?

வள்ளி: வென்ட்.

கருப்பையா: ஏத்தா, போனேன், போறேன், போவேன்... நம்மகிட்ட மூணுலயும் 'போ' நிக்குது. கோவுக்கும் வென்டுக்கும் மூக்கு முழி எதுவும் ஒட்டலையே?

வள்ளி: வென்ட் வேற வீட்டுப் பிள்ளை தாத்தா. இன்னொரு வினைச்சொல்லோட இறந்தகாலம். கோவுக்குச் சொந்தமா இருந்தது வழக்கொழிஞ்சு போச்சு, இதை எடுத்துக்கிடுச்சு.

கருப்பையா: செட்டியார் வீட்டுல பிள்ளை கூட்டிக்கிற மாதிரின்னு சொல்லு! பங்காளிக ஒத்துக்கிட்டாகளா?

வள்ளி: 500 வருசமாச்சு, இனிமே யாரு கேஸு போடப்போறா? இன்னும் கேளுங்க, சிலது மாறவே மாறாது. கட், புட், ஷட். நேத்தும் கட், இன்னைக்கும் கட்.

கருப்பையா: என் சம்பளம் மாதிரி.

(இதைச் சிரிக்காமல்தான் சொன்னார்.)

வள்ளி: கேள்வின்னா 'டிட்' வரும். 'டிட் யூ கோ?' அங்க வென்ட் போடக்கூடாது.

கருப்பையா: போனது நேத்துத்தானே? வென்ட் எங்க போச்சு?

வள்ளி: இறந்தகாலத்தை டிட் சுமந்துக்கிடும். ஒரு சுமைக்கு ரெண்டு ஆள் எதுக்கு?

கருப்பையா: டிட் வாசலுக்கு வந்ததும் வென்ட் கொல்லைப்பக்கமா நழுவிருது. கடன்காரன் வந்தா எங்க மச்சான் செய்றதுதான்!

வள்ளி: சரி, சுவரைக் காட்டிச் சொல்லுங்க.

(கருப்பையா சுவரைத் தடவுகிறார். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்தது. இன்னும் குழந்தை கன்னம்போல வழுவழுவென்று இருக்கிறது.)

கருப்பையா: வீ யூஸ் எக்.

வள்ளி: யூஸ்டு! இல்லாட்டி இன்னைக்கும் முட்டை வாங்கிப் பூசுறீங்கன்னு நெனைப்பாக.

கருப்பையா: வீ யூஸ்டு எக். பர்மா டீக் கேம் பை ஷிப். ஆச்சி லிவ்டு... இல்ல இல்ல, நல்லா இருக்காக, லிவ்ஸ் இன் சென்னை. ரூஃப் வில்... (வாயைப் பொத்திக்கொள்கிறார்) ஃபெல்! ஃபெல்!

(வாசலில் பால்காரர் மணி அடிக்கிறார்.)

கருப்பையா: இந்தா வந்துட்டேன்!

(அசையவில்லை.)

வள்ளி: எந்திரிக்கவே இல்ல, அதுக்குள்ள 'வந்துட்டேன்'னு இறந்தகாலம்!

கருப்பையா: அவசரத்துக்குச் சொல்றதுதானத்தா.

வள்ளி: அவசரத்துக்கு அப்படிச் சொல்லலாம்னு நன்னூல்லயே இருக்காம், தமிழ் டீச்சர் சொன்னாக. காலவழுவமைதின்னு பேரு. இங்கிலீஷ்காரன்கிட்ட அது செல்லாது. வந்துட்டேன்னா வந்திருக்கணும். அது கெடக்கட்டும், நாளைக்கு அவுக குடுக்கிறதுல எனக்குப் பாதி.

கருப்பையா: குடுத்துட்டேன்னே வச்சுக்க.

வள்ளி: இங்கிலீஷ்ல சொல்லுங்க.

கருப்பையா: ஐ கேவ்.

வள்ளி: எப்ப?

கருப்பையா: டுமாரோ.