தண்ணீருக்குப் போட்ட வேலி

போன ஞாயிறு காலை சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக் காட்டு நடைபாதையில் போய்க்கொண்டிருந்தோம். மகள் சட்டென்று கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்பா, அந்த மரப்பட்டைக்குக் கண்ணு இருக்கு." உற்றுப் பார்த்தால் கொலுகோ, மரத்துக்கு மரம் சறுக்கும் ஒரு காட்டு விலங்கு. பகலெல்லாம் மரத்தோடு மரமாக ஒட்டிக் கிடக்கும். சாம்பல் நிற உடம்பில் பாசி படர்ந்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். வயிற்றுத் தோல் மடிப்பிலிருந்து குட்டியின் முகம் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. இரவானால் தாய் அந்தத் தோலை விரித்து, குட்டியோடு மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும். பத்து நிமிடம் பேச்சே இல்லாமல் நின்றோம்.

படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நண்பர் ஒருவர் கேட்டார்: "இத்தனை சின்ன ஊர்ல இவ்வளவு பெரிய காடு எதுக்கு? தண்ணிக்குத்தான் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற நியூவாட்டர் வந்தாச்சு, கடல்தண்ணியையும் குடிநீர் ஆக்குறாங்க. அங்க ஒரு வீவக அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டையே கட்டலாமே." கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

19-ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காட்டைப் பெரும்பாலும் தின்று தீர்த்தவை மிளகுத் தோட்டங்களும் கேம்பியர் தோட்டங்களும். கேம்பியர் தோல் பதனிடப் பயன்பட்ட ஒரு செடி; அதன் இலையைக் கொதிக்க வைத்துச் சாறு இறக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும். மண்ணில் சத்து போனதும் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். அந்தக் காலத்தில்தான், 1868-ல், இன்றைய மெக்ரிட்சி நீர்த்தேக்கம் உருவானது. நகரத்துக்கு நல்ல தண்ணீர் வரட்டும் என்று 1857-லேயே டான் கிம் செங் என்ற வணிகர் 13,000 வெள்ளி (டாலர்) கொடுத்திருந்தார். பிறகு பியர்ஸ், சிலேத்தார் என்று நீர்த்தேக்கங்கள் கூடின. மேலே காட்டை வெட்டினால் மண் கரைந்து வந்து நீர்த்தேக்கம் தூர்ந்துவிடும், தண்ணீர் கலங்கும். அதனால் சுற்றியிருந்த காட்டைக் காவலில் வைத்தார்கள்.

குரங்குக்காகவோ கொலுகோவுக்காகவோ அன்று யாரும் வேலி போடவில்லை. தண்ணீருக்குப் போட்ட வேலிக்குள் அவையும் பிழைத்துக்கொண்டன. நெல்லுக்குப் பாய்ந்தது புல்லுக்கும் பொசிந்த கதைதான். "இனி தண்ணீர் வேறு வழியில் வரும்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குவதும் அதனால்தான். நெல்லுக்கு வேறு வாய்க்கால் வெட்டிவிட்டால் புல் என்ன ஆகும்?

நண்பர் சொன்னது தண்ணீர்க் கணக்கிலும் சரியில்லை. நியூவாட்டர் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வறண்ட மாதங்களில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே நீர்த்தேக்கங்களில்தான். கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும். மலேசியாவின் ஜோகூரிலிருந்து தண்ணீர் வாங்கும் ஒப்பந்தம் 2061-ல் முடிகிறது. மழையைச் சும்மா வாங்கி, வடிகட்டி, இறக்கிக் கொடுக்கிற காட்டை இந்த நேரத்திலா வேண்டாம் என்பது?

காட்டைக் கொஞ்சம் கிள்ளினால் என்ன என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்தது. புக்கிட் தீமா காடு ஒரு பக்கம், நீர்த்தேக்கக் காடு மறுபக்கம் என்று இரண்டாகப் போயின. 1987-ல், புக்கிட் தீமா பக்கம் மிஞ்சியிருந்த கடைசி ராஃபிள்ஸ் லங்கூர் குரங்கை நாய்கள் கடித்துக் கொன்றன. ஒரே ஒரு குரங்கு, தன் இனத்தில் வேறு யாருமில்லாத காட்டில். இதை எப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. விலங்குகள் கடக்க அந்தச் சாலைக்கு மேலே மரம் நட்ட பாலம் வந்தது 2013-ல். இன்று நீர்த்தேக்கக் காட்டில் அந்த லங்கூர்கள் மெல்லப் பெருகுகின்றன, ஆனால் இன்னும் நூறைத் தொடவில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்துப் பக்கம் வரவிருந்த கோல்ஃப் மைதானத் திட்டம், மக்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. குறுக்குத் தீவு ரயில்தடம் காட்டுக்கு அடியில்தான் போகும் என்று 2019-ல் முடிவானபோது எனக்கு வருத்தம்தான். சுற்றிப் போயிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஏறக்குறைய 70 மீட்டர் ஆழத்தில், மேலே காட்டுக்குள் எந்தக் கட்டுமானமும் இல்லாமல் என்று இறங்கி வந்ததற்குக் காரணம், வருஷக்கணக்காகக் கேள்வி கேட்டவர்கள்.

அப்புறம், நாம். அன்று திரும்பி வரும்போது ஒரு குடும்பம் ரொட்டித் துண்டுகளைக் குரங்குக்கு வீசிக்கொண்டிருந்தது. "பாவம், பசிக்கும்" என்றார் அந்த அம்மா. பாசத்தில்தான் செய்கிறார், புரிகிறது. ஆனால் இரண்டே நிமிடத்தில் ஒரு பெரிய குரங்கு பின்னால் வந்த சிறுவனின் பிளாஸ்டிக் பையைப் பிடித்து இழுத்தது, பையன் அலறிவிட்டான். நாளை யாரோ புகார் கொடுப்பார்கள், அடி வாங்கப்போவது குரங்கு. காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. புண்ணியம் என்று கடையில் ஆமை வாங்கி நீர்த்தேக்கத்தில் விடுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஆமை இந்த ஊரின் ஆமையே இல்லை. இங்கே இருப்பவற்றின் இரையையும் இடத்தையும் பிடுங்கும்.

அந்த நண்பரை வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு மெக்ரிட்சிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சாப்பாட்டுப் பை வேண்டாம், தண்ணீர் போத்தல் மட்டும் கொண்டுவாருங்கள் என்றேன். அந்த மரத்தைக் காட்டும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள்.