உறை மாறியது கவனக்குறைவால் மட்டுமல்ல

2017 ஆஸ்கர் விருது விழாவில் சிறந்த படத்துக்கான உறை மாறி, தவறான படத்தின் பெயர் அறிவிக்கப்பட்டது. அதை, உறையைக் கொடுத்தவரின் கவனக்குறைவு என்று ஒரு கட்டுரை முடித்துவிட்டது. அது பாதிதான். அறிவிக்க வருபவர் மேடையின் எந்தப் பக்கமிருந்தும் நுழையலாம் என்பதால் உறைகள் முழு செட்டாக இரண்டு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் கொடுத்ததும் மறுபக்கம் அதன் நகலை ஒதுக்கிவிட வேண்டும். சிறந்த நடிகைக்கான நகல் ஒதுக்கப்படாமல் கிடந்தது, அடுத்து வந்தவர் கைக்குப் போனது. போதாததற்கு சிவப்பு உறையில் பொன்னிற எழுத்து. அரையிருட்டில் யார் படிப்பது? உள்ளே அட்டையிலும் எந்த விருது என்பது அடியில் பொடி எழுத்தில்தான். மறு ஆண்டு கட்டுப்பாட்டு அறையில் மூன்றாவது செட் வைத்தார்கள்.

நாகர்கோவில், தக்கலை பக்கம் கேபிள் டிவி நேரலையில் போகும் பரிசளிப்புகளிலும் இதே கோளாறுதான். தொகுப்பாளரிடம் ஒரு பட்டியல், கேடயம் அடுக்குபவரிடம் இன்னொன்று. கடைசி நிமிட மாற்றத்தை ஒன்றில்தான் திருத்துவார்கள். கேடயத்தின் அடியில் மாஸ்கிங் டேப்பில் வரிசை எண் ஒட்டுங்கள், எண்ணைச் சொல்லியே கை மாற்றுங்கள். கன்னியாகுமரி கடற்கரை மேடையென்றால் சான்றிதழ்களுக்கு கிளிப் கட்டாயம். மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை போடாவிட்டால் நன்றியுரை முழுக்கக் காற்று இரைச்சல்தான் கேட்கும்.