இருபது ரூபாய்தானே என்று சொல்லாதீர்கள்

எடை குறைவாக இருந்த ஒரு சிப்ஸ் பாக்கெட்டின் படத்தை முந்தாநாள் போட்டிருந்தேன், பார்த்திருப்பீர்கள். "இருபது ரூபாய்க்கு இவ்வளவு பஞ்சாயத்தா?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்டவர்களில் இரண்டு பேர் சொந்தக்காரர்கள், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் புனலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகன் கேட்டான் என்று வாங்கிக் கொடுத்தேன். தலையணை மாதிரி உப்பியிருந்தது. பிரித்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, பாதியை யாரு தின்னா?" என்றான். பஸ் போனால் போகட்டும் என்று பக்கத்து மளிகைக்கடைக்குப் போய், அண்ணாச்சியிடம் கேட்டுத் தராசில் கொட்டினேன். 33 கிராம். கவரில் அச்சடித்திருப்பது 40.

காற்று இல்லாவிட்டால் சிப்ஸ் நொறுங்கிவிடும் என்று பாடம் எடுத்தவர்களுக்குச் சொல்கிறேன், எனக்கும் தெரியும். அது நைட்ரஜன், ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும், அதற்காக அடைக்கிறார்கள். அடைக்கட்டும். நான் கேட்பது எடையை. போட்டது 40, இருந்தது 33. இத்தனைக்கும் சட்டமே சலுகை கொடுத்திருக்கிறது. 50 கிராம் வரையுள்ள பாக்கெட்டில் 9 சதவீதம் வரை குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருட்கள் விதிகளில் இருக்கிறது. 40 கிராமுக்கு அது 3.6 கிராம். எனக்குக் குறைந்தது 7. அப்புறம் அந்த உப்பலையும் நான் சும்மா விடுவதாக இல்லை. பாதுகாப்புக்கோ நிரப்பும் இயந்திரத்துக்கோ தேவைப்படாமல், பார்க்கிறவனை ஏமாற்றும்படி பாக்கெட்டைப் பெரிதாகக் காட்டக்கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிராம் 20 ரூபாய் என்றால் கிலோ 500. 33 கிராம் என்றால் கிலோ 600க்கும் மேல். உருளைக்கிழங்குக்கு!

என் அப்பா குற்றாலம் சீசனில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை போட்டவர். கொதிக்கிற தேங்காய் எண்ணெயில் நேராகச் சீவிவிட்டு, மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைத் தெளிப்பார், சடசடவென்று பொங்கி அடங்கும். தராசு முள் நேராக நின்ற பிறகும் இன்னொரு கை அள்ளிப் போட்டுத்தான் பொட்டலம் மடிப்பார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு வருஷம் எடைக்கல்லுக்கு முத்திரை புதுப்பிக்க மறந்துவிட்டார். அபராதம் கட்டினார். கட்டியதில் குறையில்லை, தப்பு தப்புதான். ஆனால் அன்றைக்குக் கடை வாசலில் அத்தனை பேர் பார்க்கத் தலைகுனிந்து நின்றார் பாருங்கள், அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒரு கல்லில் முத்திரை இல்லாததற்கு அவர் தலைகுனிய வேண்டும், லட்சக்கணக்கில் பாக்கெட் போடுகிறவனிடம் 7 கிராம் எங்கே என்று கேட்டால் நான் கஞ்சனா?

"எடை பின்னாலேயே போட்டிருக்கிறதே, பார்த்து வாங்கலாமே" என்கிறார் ஒருவர். பார்த்துத்தான் வாங்கினேன். பார்த்த எடை உள்ளே இல்லை என்பதுதானே என் புகாரே!

"கேஸ் போட்டு என்ன கிடைக்கும்?" என்றும் கேட்டார்கள். திருவள்ளூரில் 16 பிஸ்கட் என்று போட்ட பாக்கெட்டில் 15 இருந்ததற்கு 2023இல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மலைக்கு அந்தப் பக்கம் திருச்சூரில் 300 கிராம் பிஸ்கட் பாக்கெட்டில் 268 கிராம்தான் இருந்தது என்று ஒருவர் ஆணையத்துக்குப் போனார், 2024இல் அவருக்கும் சாதகமாகத்தான் உத்தரவு வந்தது. எனக்கு லட்சம் வேண்டாம். ஏமாற்றினோம் என்று ஒருவன் ஒத்துக்கொண்டால் போதும். வாங்கிய பொருள் 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிறகு எதற்குப் பயப்பட வேண்டும்?

பிரித்த பாக்கெட்டை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அண்ணாச்சி சொன்னார். அதனால் அதே பேட்ச் எண்ணில் இன்னும் இரண்டு வாங்கி, பிரிக்காமல், பில்லோடு பீரோவில் வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் முதல் வேலையாக நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிக்கப் போகிறேன். மகனிடம் மட்டும், அந்த இரண்டையும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.