ராஜா ஜெயித்த பதக்கமும் சனி பொறித்த செப்புக்காசும்

ஒரு பழைய பதக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம், பீரங்கி நெருப்பில் கைகளை நீட்டிக் குளிர்காய்கிறார் ரஷ்யாவின் ஜார் பீட்டர். மறுபக்கம் அதே பீட்டர் ஓடுகிறார். தொப்பி தலையிலிருந்து நழுவுகிறது, வாளை வீசிவிட்டார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இரண்டு பக்கத்துக்கும் பைபிள் வசனம்தான். பீட்டர் என்றால் இயேசுவின் சீடர் பேதுருவின் பெயர் அல்லவா? 'பேதுரு குளிர்காய்ந்தான்' இந்தப் பக்கம், 'வெளியே போய் மனங்கசந்து அழுதான்' அந்தப் பக்கம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய மீம் இது. செய்தவன் பொல்லாத ஆள்.

விஷயம் 1700 நவம்பரில் நடந்த நர்வா போர். ஸ்வீடன் ராஜா பன்னிரண்டாம் சார்லஸுக்கு அப்போது 18 வயது. கையில் சுமார் பத்தாயிரம் பேர். எதிரே அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல் ரஷ்யர்கள். பனிப்புயல் ரஷ்யர்களின் முகத்தில் அடித்த நேரம் பார்த்துப் பாய்ந்து நொறுக்கிவிட்டார். ஆனால் பீட்டர் சண்டைக்கு முன்பே முகாமை விட்டுக் கிளம்பியிருந்தார். தொப்பி பறக்க ஓடியதை யார் பார்த்தார்கள்? ஜெயித்தவர்கள் எப்படிப் பார்க்க ஆசைப்பட்டார்களோ, அது உலோகத்தில் ஏறியிருக்கிறது.

இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மெய்க்கீர்த்தி படித்தவர்கள் நாம். கொண்ட நாடுகள் வரிசையாக வரும். விட்ட நாடு ஒன்றுகூட வராது. பெயரிலேயே 'மெய்' வைத்துக்கொண்ட துணிச்சலை ரசிக்க வேண்டியதுதான்.

இந்த நினைவுப் பதக்கங்கள் சட்டையில் குத்திக்கொள்பவை அல்ல. உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியவை. ஒரு பக்கம் ராஜாவின் முகம், மறுபக்கம் சிங்கமோ ஹெர்குலிஸோ, சுற்றிலும் லத்தீன். தங்கத்திலும் வெள்ளியிலும் அடித்தது தூதர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும். சார்லஸின் பதக்கங்களைச் செதுக்கிய ஆர்விட் கார்ல்ஸ்டீன் பெரிய கலைஞர். முடிச்சுருள் ஒவ்வொன்றும் தெரியும். வேலைப்பாட்டில் நான் குறை சொல்லவே மாட்டேன்.

சரி, அப்புறம் என்ன ஆனது? 1709, உக்ரைனில் பொல்டாவா போர், மறுபடியும் பீட்டரோடு. காலில் குண்டடிபட்ட சார்லஸைத் தூக்குப் படுக்கையில் வைத்துக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். படை அழிந்தது. ராஜா துருக்கிய எல்லைக்குள் ஓடி, பெண்டெர் பக்கம் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். இப்போது பதக்கம் அடிப்பது பீட்டரின் முறை. சிப்பாய்களுக்குக்கூட வெள்ளிப் பதக்கம் கொடுத்தார். சார்லஸ் பக்கம் சாய்ந்த கோசாக் தலைவர் மசெப்பாவுக்கென்று தனியாக ஒன்று செய்யச் சொன்னார்: பத்து ரஷ்ய ராத்தல் வெள்ளி, அதில் இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கில் தொங்கும் யூதாஸ், கீழே அவன் கூலியாக வாங்கிய முப்பது வெள்ளிக்காசு. கழுத்தில் மாட்ட சங்கிலியும் தயார். மாட்டுவதற்குள் மசெப்பா பெண்டெரில் செத்துப்போனார். பைபிள் கேலிக்குப் பைபிளாலேயே பதில்.

ஆனால் சார்லஸின் நிஜமான பதக்கம் என்று நான் சொல்வது இவை எதையும் அல்ல. 1714 கடைசியில் அவர் திரும்பி வந்தபோது கஜானாவில் காசு இல்லை, சண்டையை விடவும் மனமில்லை. அமைச்சர் மாதிரி கூடவே இருந்த கோர்ட்ஸ் பிரபுவின் மேற்பார்வையில் அடையாளக் காசுகள் அடித்துத் தள்ளினார்கள். அப்போது ஸ்வீடனில் செப்புக்காசுக்கு எடைதான் மதிப்பு. ஒரு டாலர் (அமெரிக்க டாலர் அல்ல, ஸ்வீடனின் அன்றைய பணம்) என்றால் முக்கால் கிலோ அளவுக்குக் கனக்கும் செப்புத் தகடு. அதே ஒரு டாலர் என்று பொறித்து இப்போது கொடுத்தது நாலைந்து கிராம் செப்பு. வாங்க மாட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது, அரச கட்டளை.

1716-இல் வந்த காசில் எழுதியிருந்தது 'பப்ளிகா ஃபிதே', அதாவது பொதுமக்கள் நம்பிக்கையின் பேரில். அடுத்த வருஷம் 'அறிவும் ஆயுதமும்'. 1718-இல் ரோமத் தெய்வங்களே இறங்கிவிட்டார்கள்: ஜூபிடர், மார்ஸ், கையில் குழந்தையோடு சனி. பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய அந்தச் சனிதான். நாம் 'சனி பிடித்தது' என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம். அந்த ஜனங்கள் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கப் போனார்கள். பிள்ளைகளோ படையில்.

அதனால்தான் கேட்கிறேன், கண்ணாடிப் பெட்டிக்குள் வெற்றிப் பதக்கத்தை மட்டும் விளக்குப் போட்டு ஏன் வைக்க வேண்டும்? பக்கத்திலேயே இந்தச் செப்புக்காசையும் வையுங்கள். தங்கத்தைத் தொட்டவர்கள் கொஞ்சம் பேர். செப்பு எல்லார் கையிலும் தேய்ந்தது. நாணயம் சேர்ப்பவர்கள் சிலர் இதை மட்டமான சரக்கு என்று ஒதுக்குவதும் எனக்குப் புரியவில்லை.

1718 கடைசியில் நார்வேயில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து சார்லஸ் இறந்தார். வயது 36. மூன்று மாதத்துக்குள் கோர்ட்ஸின் தலையை வெட்டினார்கள். அந்தக் காசு வரிசையில் கடைசியாக வந்தது 1719-ஆம் வருஷக் காசு. நங்கூரத்தோடு ஒரு பெண், பக்கத்தில் 'ஹொப்பெட்' என்று எழுத்து. நம்பிக்கை என்று அர்த்தம். அதே வருஷம் அந்தக் காசுகளின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள்.