கிரீக்கின் நால்வர் இசையில் இருப்பது நாட்டுப்புற மெட்டா?

நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் ஜி மைனர் நால்வர் இசை (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கானது; 1877-78) நார்வே நாட்டுப்புற மெட்டுகளின் தொகுப்பு என்று சொல்வது சரியல்ல. அதன் மூல மெட்டு, நார்வே நாடகாசிரியர் இப்சனின் கவிதைக்கு கிரீக்கே இசையமைத்த 'ஸ்பில்லமென்' பாடலிலிருந்து வந்தது. நாட்டுப்புறச் சாயல் இரட்டைத் தந்தி வாசிப்பிலும் (இரு தந்திகளை ஒன்றாக வாசிப்பது) திறந்த ஐந்தாம் சுர ஒலிப்பிலும் (ஐந்து சுர இடைவெளியுள்ள இரு சுரங்கள் நடுச் சுரமின்றி ஒலிப்பது) இருக்கிறது. அசல் நாட்டுப்புற நடன மெட்டுகள் வேண்டுமென்றால் கிரீக்கின் ஓபஸ் 72-ஐ (72-ஆம் எண் படைப்பு) கேளுங்கள். அது பியானோவுக்கானது, நாட்டுப்புறக் கலைஞர் க்னூட் டாலே ஹார்டாங்கர் ஃபிடிலில் வாசித்ததை வயலின் கலைஞர் ஹால்வோர்சன் சுரப்படுத்தித் தந்தார்.

நார்வேயின் நாட்டுப்புற வயலினான இந்த ஹார்டாங்கர் ஃபிடிலில் வில் படுவது நான்கு தந்திகளில் மட்டுமே. அடியில் ஓடும் நான்கு அல்லது ஐந்து தந்திகள் தாமாக அதிரும், அந்த ரீங்காரம் சாதாரண வயலினில் கிடைக்காது. சாதாரண வயலினின் ஜி தந்தியை ஏ சுரத்துக்கு ஏற்றினால் ஹார்டாங்கர் ஃபிடிலின் வழக்கமான சுருதியமைப்பு வரும். ஆனால் இழுவிசை கூடி சுருதி நழுவும்; கச்சேரியில் இதற்கென்று இன்னொரு வயலினைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.